நெரிகிரி விரிசல் விடுகிறதா? ஷிரோஆனில் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒசாகாவில் இருக்கிறேன். வீட்டில் நெரிகிரி என்ற ஜப்பானிய இனிப்பு செய்கிறேன். ஒரு நாள் விரிசல் விடுகிறது, இன்னொரு நாள் கையில் ஒட்டுகிறது. நாலைந்து பேருக்கு வீட்டிலேயே சொல்லித்தரவும் ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான், ஷிரோஆனில் உள்ள ஈரம். வெள்ளை பீன்ஸை வேகவைத்து, சலித்து, பிழிந்து, சர்க்கரையோடு கிளறிய அந்த விழுது கடைப் பாக்கெட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதத்தில் இருக்கும் என்பதால், சமையல் குறிப்பில் போட்டிருக்கும் மைக்ரோவேவ் நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். 300 கிராம் எடுத்து, ஒவ்வொரு நிமிடத்துக்கும் வெளியே எடுத்துக் கிளறி, மசித்த உருளைக்கிழங்கு போல வறண்டு, புறங்கையால் தொட்டால் ஒட்டாத வரை சூடாக்குங்கள். 10 கிராம் ஷிராதமாகோவை 20 கிராம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 20 கிராம் சர்க்கரை சேர்த்துக் கண்ணாடி போல ஆகும்வரை வேகவைத்தால் கியூஹி. சூட்டோடு சூடாக இரண்டையும் பிசையுங்கள். (ஷிராதமாகோ ஒட்டும் அரிசி மாவு; சாதாரண அரிசி மாவில் அந்த இழுவை வராது.)

பலரும் விட்டுவிடுவது அடுத்த வேலையைத்தான். மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் பரப்பி ஆவி போகவிட்டு, சேர்த்துப் பிசைந்து, மறுபடி கிள்ளுங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள், மாவு வெளுத்து வழவழப்பாகிவிடும். அப்புறம் கையில் எடுக்காத உருண்டை எதுவும் ஒரு நிமிடம்கூடத் திறந்து கிடக்கக் கூடாது, விரிசலுக்கு அதுவே போதும்.

வகுப்பு என்றால் முதல் நாள் மாவை நீங்களே செய்து வைத்துவிடுங்கள். 25 கிராம் மேல்மாவு, 15 கிராம் பூரணம் என்று நிறுத்து உருட்டிக் கொடுத்தால், வருகிறவர்களின் கவனம் முழுக்கப் பொதிவதில் இருக்கும். கொழுக்கட்டைச் சொப்பு மாதிரி கிண்ணம் பிடிக்க வேண்டாம். வட்டமாகத் தட்டி, பூரணத்தை வைத்து, சுற்றிக்கொண்டே மாவை மேலே ஏற்ற வேண்டும். இது கைக்கு வர ஒரு வகுப்பு முழுக்க ஆகும், ஆகட்டும். அன்றைக்கு உருவத்துக்கு ஈரத்துணியில் முறுக்கும் சாகின் ஷிபோரி போதும். மரக்கத்தியால் சாமந்தி இதழ் கீறுவதைப் பிறகு பார்க்கலாம்.

செய்த இனிப்புக்கு அவரவரே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். பருவத்தைச் சொல்லும் பெயர் வைப்பது அங்கே இனிப்போடு சேர்ந்தே வரும் பழக்கம், அதை விட்டுவிட்டால் பாதிப் பாடம் போய்விடும்.

சரி, பணம் வாங்குமுன் உங்கள் வட்டார ஹோகென்ஜோவில், அதாவது சுகாதார நிலையத்தில், ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இனிப்பு விற்கத் தயாரிப்பு அனுமதி வேண்டும், வீட்டுச் சமையலறையிலேயே செய்து விற்க முடியாது. தனி இடம் கேட்பார்கள்.