கொப்பன்பெர்க்குக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால்

அன்புள்ள அண்ணா,

வேலூரில் ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓட்டும் ஒரு சிறு குழு எங்களுடையது. ஐரோப்பாவில் 2025 வசந்த காலத்தில் நடந்த ஒருநாள் சைக்கிள் பந்தயங்களில் பத்தை எடுத்துக்கொண்டு, வென்றவருக்கு 10 புள்ளி, இரண்டாமவருக்கு 6, மூன்றாமவருக்கு 4 என்று பட்டியல் போட்டோம். பொகாச்சார் 56, வான் டர் பூல் 34, பெடர்சன் 26. வான் டர் பூல் ரசிகர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார்கள். யார் சிறந்தவர் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இதெல்லாம் அதிர்ஷ்டம்தான், இதற்கு ஏன் சண்டை என்கிறார் என் அப்பா. இன்னொரு சந்தேகம்: ஏலகிரி ஏற 28 மிமீ டயர் போதுமா, 32 வேண்டுமா?

ர., காட்பாடி

*

அன்புள்ள ர.,

கூட்டல் சரியாக இருக்கிறது. ஆனால் பொகாச்சாரின் 56 புள்ளியும் ஏழு பந்தயங்களில் வந்தவை: ஸ்த்ராதே பியாங்கே, சான்ரெமோ, ஃபிளாண்டர்ஸ், ரூபே, ஆம்ஸ்டல், ஃப்ளெஷ் வலோன், லியேஜ். வான் டர் பூல் உங்கள் பத்தில் நான்கில்தான் ஓடினார். சான்ரெமோ, ஈ3, ரூபே மூன்றையும் வென்றார், ஃபிளாண்டர்ஸில் மூன்றாவது. பந்தயத்துக்கு இத்தனை என்று வகுத்தால் பொகாச்சாருக்கு 8, வான் டர் பூலுக்கு 8.5. ஒரே ஒரு வகுத்தலில் உங்கள் பட்டியல் தலைகீழாகிவிட்டது. இதற்காகவா இரண்டு நண்பர்களை இழந்தீர்கள்? முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வாருங்கள்.

வகுத்து வந்த 8.5-ஐயும் நான் நம்பவில்லை. முடிவுப் பட்டியல் என்பது ஆறு மணி நேர வேலையின் கடைசி வரி மட்டும். பந்தயக்காரரை எடைபோட நான் வெகுநாளாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஏற்றம் தொடங்க மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அவர் எத்தனையாவது ஆளாக இருக்கிறார்?

பெல்ஜியத்தில் நடக்கும் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் வரும் கொப்பன்பெர்க் மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 600 மீட்டர்தான். கடுமையான இடத்தில் சரிவு 22 சதவீதம். கல் பாவிய குறுகலான பாதை, இரண்டு பக்கமும் மண்மேடு. மழை பெய்திருந்தால் கல்லின் மேல் சேறு வழுக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து சக்கரம் சுழலுமே தவிர சைக்கிள் நகராது. உட்கார்ந்தபடி, எடையைப் பின்னால் வைத்து, சீராக மிதித்தால்தான் ஏற முடியும். முன்னால் போகும் ஒருவர் தடுமாறிக் காலை ஊன்றிவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஊன்ற வேண்டும். அந்தச் சரிவில் மறுபடி ஏறி, ஷூவை பெடலில் மாட்டி, கிளம்புவது நடக்காத காரியம். தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

2024 ஃபிளாண்டர்ஸில் அப்படியே நடந்தது. மழை. ஒரு சிலரைத் தவிர உலகத்தின் தேர்ந்த வீரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். முன்னால் போய் மிதித்தே ஏறிய வான் டர் பூல், அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தனியாக ஓட்டி வென்றார். அன்று நடந்தவர்களுக்குக் கால் பலம் குறைவா? இல்லை. அவர்கள் நின்ற இடம் தப்பு.

நம்ம ஊர் கிரீன் சர்க்கிளில் மாலை ஆறு மணிக்கு நடப்பதுதான் இது. நாலு பக்கத்து வண்டியும் ஒரு வாய்க்குள் நுழையப் பார்க்கிறது. முதல் பத்து வண்டி வேகம் குறையாமல் போய்விடும். ஐம்பதாவது வண்டியில் எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தாலும் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பந்தயத்தில் இது ஒவ்வொரு வளைவிலும் நடக்கிறது. முதல் ஆள் வளைவை 35 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பார். அறுபதாவது ஆளுக்கு வரும்போது கூட்டம் நெருங்கி வேகம் 15-க்கு இறங்கிவிடும். வளைவு முடிந்ததும் முன்னால் போனவர்களைப் பிடிக்க அவர் 50-க்கு எகிற வேண்டும். முதல் ஆள் அந்த நேரம் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஃபிளாண்டர்ஸ் மாதிரிப் பந்தயத்தில் இப்படி எத்தனை வளைவு! இருநூறு கிலோமீட்டர் கழித்து அறுபதாவது ஆளின் தொடையில் ஒன்றும் மிச்சமிருக்காது. வர்ணனையாளர் 'இன்று அவருக்குக் கால் இல்லை' என்று சொல்லி முடித்துவிடுவார். நீங்களும் அதை அப்படியே நம்பிப் புள்ளி போடுகிறீர்கள்.

அந்த முன்னிடத்தை ஒருவர் தனியாகப் பிடிக்க முடியாது. அணிக்கு ஏழு பேர். அதில் நாலைந்து பேரின் மொத்த வேலையே தலைவரைக் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டு போய் ஏற்றத்தின் அடிவாரத்தில் முன்னால் விடுவது. 2025 சான்ரெமோவில் சிப்ரெஸ்ஸா என்ற 5.6 கிலோமீட்டர் ஏற்றத்தில் பொகாச்சார் தாக்கினாரே (கூட்டத்தை விட்டுத் திடீரென்று பாய்வதைத்தான் தாக்குதல் என்பார்கள்), அதற்கு முன் அவருடைய அணித்தோழர்கள் வெல்லன்ஸும் நார்வாயெஸும் முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு வேகத்தை ஏற்றினார்கள். உங்கள் பட்டியலில் அந்த இருவருக்கும் அன்றைக்குப் பூஜ்யம். அந்தத் தாக்குதலைக் கடைசி வரை தாங்கியவர்கள் இருவர்தான், வான் டர் பூலும் கன்னாவும். வான் டர் பூலால் எப்படி முடிந்தது? பொகாச்சார் எழுந்தபோது அவர் கிட்டத்திலேயே இருந்தார். பத்து சைக்கிள் பின்னால் இருந்திருந்தால் இன்று நீங்கள் வேறு பட்டியல் எழுதியிருப்பீர்கள். சேற்றிலும் மேட்டிலும் சுற்றிச் சுற்றி ஓடும் சைக்ளோகிராஸில் அப்போதே ஏழு முறை உலக சாம்பியன் ஆகியிருந்தவர் அவர். சேற்றில் முதல் வளைவுக்கு முதலில் போய்ச் சேருவதை அங்கேதான் கற்றார்.

இடம் மட்டும் போதாது என்பதற்கும் அதே வசந்தத்தில் பாடம் இருக்கிறது. த்வார்ஸ் டோர் ஃபிளாண்டரன் என்ற பந்தயத்தில் கடைசியில் முன்னால் நாலு பேர். மூவர் ஒரே அணி: வான் ஆர்ட், ஜோர்கன்சன், பெனூட். நாலாமவர் பவ்லஸ். மூவரில் ஒருவர் மாற்றி ஒருவர் தாக்கியிருந்தால் ஒவ்வொரு தடவையும் பவ்லஸே துரத்தியாக வேண்டும். மூன்றாவது தாக்குதலில் அவர் கழன்றிருப்பார். அவர்களோ வான் ஆர்ட் கடைசி ஓட்டத்தில் வெல்லட்டும் என்று பவ்லஸைப் பின்னால் வைத்தே இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் முன்னால் போகும்போது பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பவ்லஸ் வென்றார். இதில் வான் ஆர்ட்டுக்கு 6 புள்ளி கொடுத்திருக்கிறீர்களே, எதற்கு?

அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் சொல்வதில் பாதி உண்மை. ரூபேயில் சுமார் 55 கிலோமீட்டர் கல் பாதை. நடுவில் முதுகு மாதிரி உயர்ந்திருக்கும் பகுதியில் ஓட்டினால் டயருக்கு ஆபத்து குறைவு. ஓரத்து மண்ணில் இறங்கினால் குலுங்காது, ஆனால் கூரான சில்லுகள் அங்கேதான் கிடக்கும். பின்னால் இருப்பவருக்கு முன்சக்கரத்துக்கு அடியில் என்ன கல் வருகிறது என்பதே தூசியில் தெரியாது. பெடர்சன் முன்னணியில் இருந்தும் பஞ்சராகி வாய்ப்பை இழந்தார். அது அதிர்ஷ்டக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். முடிவுக்கு 38 கிலோமீட்டர் இருக்கையில் பொகாச்சார் ஒரு வலது வளைவை வேகம் தப்பி எடுத்து விழுந்தார். அதை அதிர்ஷ்டத்தில் சேர்க்க முடியாது, பிழை. வான் டர் பூலுக்கும் பிறகு பஞ்சர் ஆனது. சைக்கிள் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளியை அவர் முன்பே சம்பாதித்திருந்தார்.

உங்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அதே வசந்தத்தில் கொபெக்கி மூன்றாவது முறையாக ஃபிளாண்டர்ஸ் வென்றார். ஒலிம்பிக் மலைச் சைக்கிள் தங்கம் வாங்கிய ஃபெரான் ப்ரெவோ ரூபேயைத் தனியாக ஓட்டி வென்றார். லியேஜில் வென்ற கிம் லெ கோர் மொரீஷியஸ்காரர். நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அந்தச் சின்னத் தீவிலிருந்து வந்து ஒருவர் பெல்ஜியத்தின் மேடுகளை வென்றிருக்கிறார். வேலூரில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டால் எப்படி? உங்கள் குழுவில் பெண்கள் யாராவது ஓட்டுகிறார்களா என்று கடிதத்தில் இல்லை.

அடுத்த ஏப்ரலில் ஃபிளாண்டர்ஸ் வரும்போது, கோபித்துக்கொண்ட இருவரையும் சேர்த்து உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். துண்டு வீடியோ வேண்டாம். நம் நேரத்துக்கு இரவு எட்டு மணியை ஒட்டித்தான் ஆண்கள் பந்தயம் முடியும், வெயிலும் இறங்கியிருக்கும். ஆளுக்கு ஒரு நோட்டு. ஓடே க்வாரமோன்ட் என்ற ஏற்றத்தை மூன்று முறை ஏறுவார்கள். ஒவ்வொரு முறையும் அடிவாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் முதல் பதினைந்து பேர் யார், அவர்களோடு எத்தனை அணித்தோழர்கள் மிச்சம் என்று எழுதுங்கள். உச்சியில் மறுபடி எழுதுங்கள். முன்னால் நுழைந்து பின்னால் வந்தவருக்குக் கால் போய்விட்டது. பின்னால் நுழைந்து முன்னால் வந்தவர் பலசாலி, ஆனால் அன்றைக்குப் பெரும்பாலும் தோற்பார். மூன்றாவது தடவை எழுதும்போது யார் வெல்வார் என்பது நோட்டிலேயே தெரிய ஆரம்பிக்கும்.

கேட்டதற்குப் பதில்: என் கணக்கில் 2025-இல் பொகாச்சார்தான். லியேஜும் ஃப்ளெஷ் வலோனும் அவர் உடம்புக்கு ஏற்ற மேடுகள், அவற்றுக்காகச் சொல்லவில்லை. மேட்டில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் பலத்தில் மிதிக்கிறார் என்பது கணக்கு, சமதளக் கல்லில் மொத்தம் எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. 66 கிலோ ஆள் முதல் தடவையாக ரூபேக்குப் போய், 75 கிலோ வான் டர் பூலுக்கு அடுத்ததாக வந்தார். உங்கள் பட்டியலில் அதற்கு வெறும் 6.

டயர்: ஏலகிரிக்கு 28 போதும். 32 போட ஆசையென்றால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் 4 மிமீ இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், போட்ட பிறகு காற்றையும் குறையுங்கள். அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வரவேண்டாம், ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையை விடுங்கள். எதிரே பஸ் வரும், இடது ஓரத்தை விடாதீர்கள்.