கிளவுட் ரெண்டரிங் ஏன் விரைவாக முடிகிறது?

திருகோணமலையில் வீட்டிலிருந்தே அனிமேஷன் செய்பவர், விலையுயர்ந்த கிராபிக்ஸ் கணினி வாங்காமல் கிளவுட் ரெண்டரிங்கை நாடலாமா என்பதே கேள்வி. முப்பரிமாணக் காட்சியின் ஒளி, நிழல், நிறம் ஆகியவற்றைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்குவது ரெண்டரிங். அதனை இணையவழி வாடகைக் கணினிகளிடம் ஒப்படைப்பது கிளவுட் ரெண்டரிங்.

நொடிக்கு 24 படங்கள் எனில் ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440. ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் பிடித்தால் ஒரே கணினி 10 நாட்கள் இடைவிடாது (மின்வெட்டு இல்லையெனில்) உழைக்க வேண்டும். ஆனால் ஒரு படம் மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை என்பதால், அதே வேகமுள்ள 100 கணினிகள் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலத்தில் முடித்துவிடும். கோயில் அன்னதானத்துக்குத் தேங்காய் திருவ இருபது பேர் அமர்வதைப் போன்றது இது.

நூறு கணினிகளுக்கு நூறு மடங்கு கட்டணம் எனப் பலர் எண்ணுகின்றனர். கட்டணம் பெரும்பாலும் கணினிகள் இயங்கிய மொத்த நேரத்துக்கே அறவிடப்படுவதால், தொகை ஏறக்குறைய மாறாது. ஆனாலும் மாதம் முழுவதும் ரெண்டர் செய்பவருக்குச் சொந்தக் கணினியே இலாபம் என்பேன்.