‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’: நாவலும் தொடரும் – தருமபுரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த எங்கள் வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்டது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை நாவல் வரிசையையும், அதிலிருந்து எச்.பி.ஓ. எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரையும். ஐந்து நாவல்களையும் எட்டு சீசன்களையும் முடித்தவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் கீழே உடைபடும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தருமபுரி: முதலில் படிப்பதா, பார்ப்பதா?

பார்த்துவிட்டுப் படியுங்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள் வருகின்றன. முகம் தெரிந்திருந்தால் பாதிப் பாரம் குறையும்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: அக்கா, நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பாத்திரத்தின் பெயர்தான் தலைப்பு. தொடரில் அது இல்லை. அதனால் என்ன குறைந்தது?

குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. 1996இல் வந்த முதல் நாவலில், தொடக்க அத்தியாயத்தைத் தள்ளிவிட்டால், எட்டுப் பேரின் கண்வழியாகவே கதை நடக்கிறது: ஸ்டார்க் குடும்பத்தின் நெட், அவர் மனைவி காட்லின், அந்த வீட்டில் வளரும் ஜான், சான்சா, ஆர்யா, பிரான்; லானிஸ்டர் குடும்பத்தின் டிரியன்; நாடு கடந்து வாழும் டார்கேரியன் இளவரசி டெனேரிஸ். இவர்களில் ஒருவராவது இல்லாத அறைக்குள் வாசகர் நுழையவே முடியாது. இளவரசன் ஜாஃப்ரியைச் சான்சா பார்க்கும்போது நாமும் அவளுடைய மயக்கத்தோடுதான் பார்க்கிறோம். தொடரில் அவன் வந்து நின்றவுடனே நமக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. அவனை நம்பும் சான்சா அசடாகத் தெரிகிறாள். பலர் அந்தப் பெண்ணை முதல் சீசனில் வெறுத்ததற்கு இதுதான் காரணம்.

கூடியது என்ன? மன்னன் ராபர்ட்டுக்கு நாவலில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவன் மனைவி செர்சிக்கு நான்காம் நாவலில்தான் முதல் அத்தியாயம் கிடைக்கிறது. ஆகவே இருவரும் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்பது முதல் நாவலில் நமக்குத் தெரிய வழியில்லை. தொடரின் முதல் சீசன், ஐந்தாம் எபிசோடில் அவர்கள் மதுக்கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நாட்டை எதுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறதோ தெரியவில்லை என்று அவன் சொல்ல, நம் திருமணம் என்கிறாள் அவள். இருவரும் சிரித்துவிடுகிறார்கள். பதினேழு ஆண்டுக் கசப்பு அந்தச் சிரிப்பில் தெரிகிறது. இரண்டாம் சீசனில் ஆர்யா டைவின் லானிஸ்டருக்கு மது ஊற்றும் பெண்ணாக இருப்பதும் நாவலில் இல்லாதது. அங்கே அவள் ரூஸ் போல்ட்டனிடம் வேலை செய்கிறாள். தொடரின் மாற்றமே மேல் என்பேன்.

அரூர்: பாத்திரங்களின் வயதை ஏன் கூட்டினார்கள் மேடம்?

நாவல் தொடங்கும்போது டெனேரிஸுக்கு 13, ஜானுக்கும் ராபுக்கும் 14, சான்சாவுக்கு 11, ஆர்யாவுக்கு 9, பிரானுக்கு 7. டெனேரிஸின் திருமண இரவை அந்த வயதில் படமாக்கச் சட்டமும் இடம் தராது, மனமும் இடம் தராது. கூட்டியது சரிதான்.

ஆனால் அதன் பின்விளைவு நெட்டின் மூத்த மகன் ராபுடைய கல்யாணத்தில் போய் முட்டுகிறது. நாவலில் அவன் காயப்பட்டுப் படுத்திருக்கும்போது, தம்பிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி வருகிறது. ஜெய்ன் வெஸ்டர்லிங் என்ற பெண் ஆறுதல் சொல்கிறாள். அன்றிரவு அவளோடு இருந்துவிடுகிறான். விடிந்ததும் அவள் மானத்தைக் காக்கத் திருமணம் செய்துகொள்கிறான். ஃபிரே வீட்டுப் பெண்ணைக் கட்டுவதாக அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு போய்விடுகிறது. பதின்ம வயதுப் பையன், அப்பாவைப் போலவே நேர்மையாக நடக்கப் போய் அழிகிறான். தொடரில் ராப் வளர்ந்த ஆண். டாலிசா என்ற வேறொரு பெண்ணைக் காதலித்துத் தெரிந்தே வாக்கை மீறுகிறான். ஃபிரேக்கள் திருமண விருந்தில் பழிவாங்கும், 2013இல் ஒளிபரப்பான அந்தச் ‘சிவப்புத் திருமண’ எபிசோடில் டாலிசா வயிற்றில் குத்துப்பட்டுச் சாகிறாள். நாவலில் ஜெய்ன் அந்த விருந்துக்கே போகவில்லை. தொடரின் காட்சி கொடூரமானது. நாவலின் காரணம் கொடூரமானது.

ஓசூர்: நான் தொழிற்சாலையில் வேலை செய்பவன். பிளாக்வாட்டர் போரில் வரும் அந்தப் பெரிய சங்கிலியைத் தொடரில் காணோமே?

தம்பி, இதை நீங்கள் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. இரண்டாம் நாவல் முழுக்க அந்தச் சங்கிலி வளர்ந்துகொண்டே வருகிறது. நகரத்துக் கொல்லர்களை அழைத்து, வாளும் கவசமும் அடிப்பதை நிறுத்திவிட்டு இரும்பு வளையங்கள் செய்யுங்கள் என்கிறான் டிரியன். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை, வாசகருக்கும் சொல்லவில்லை. அரியணைக்காகத் தலைநகரைத் தாக்கவரும் ஸ்டானிஸின் கப்பல்கள் ஆற்றுக்குள் வந்த பிறகு, முகத்துவாரத்தில் சங்கிலி மேலே எழுகிறது. முன்னே பச்சைத் தீ, பின்னே இரும்பு. நடுவில் மாட்டிக்கொண்ட கப்பல் தலைவன் டாவோஸின் கண்ணால் அதைப் படிக்கும்போது நமக்கே மூச்சு முட்டும்.

தொடரில் ஆளில்லாத ஒற்றைக் கப்பல், அதிலிருந்து ஒழுகும் பச்சைத் திரவம், பிரொன் என்ற கூலி வீரன் எய்யும் ஒரு தீயம்பு, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எபிசோடின் திரைக்கதையை எழுதியவர் மார்ட்டினேதான். தான் எழுதிய சங்கிலியைத் தானே விட்டுவிட்டார். இந்த நாவல் வரிசையை எழுதும் முன்பு ஹாலிவுட் தொலைக்காட்சியில் கதை எழுதிப் பழகியவர். எதற்கு எவ்வளவு செலவாகும் என்று அவருக்குத் தெரியும். முதல் நான்கு சீசன்களில் சீசனுக்கு ஓர் எபிசோடு அவர் எழுதினார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அதே போரில் டிரியனின் மூக்கு பெரும்பகுதி போய்விடுகிறது. தொடரில் முகத்தில் ஒரு தழும்போடு விட்டுவிட்டார்கள்.

காவேரிப்பட்டணம்: நீங்கள் மன்னிக்கவே முடியாத மாற்றம் எது அம்மா?

டைஷா. கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

டிரியன் பதின்மூன்று வயதில் டைஷா என்ற ஏழைப் பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்துகொள்கிறான். டிரியனின் அண்ணன் ஜெய்மி காசு கொடுத்து ஏற்பாடு செய்த விலைமகள்தான் அவள் என்று அவனிடம் சொல்கிறார்கள். தந்தை டைவின் அவளைக் காவலர்களிடம் விட்டு, ஆளுக்கொரு வெள்ளிக்காசு கொடுக்கவைக்கிறார். இதுவரை தொடரிலும் உண்டு. முதல் சீசனில் டிரியனே சொல்கிறான்.

மூன்றாம் நாவலின் கடைசியில், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் டிரியனை ஜெய்மி சிறையிலிருந்து விடுவிக்கிறான். இருட்டில் நடந்துகொண்டே, உனக்கு ஒரு கடன் பாக்கி என்று தொடங்குகிறான். டைஷா விலைமகள் அல்ல. அவள் உன்னை உண்மையாகவே விரும்பினாள். அப்பா சொன்னதால் பொய் சொன்னேன். டிரியன் அண்ணனை அறைகிறான். ஜாஃப்ரியை நான்தான் கொன்றேன் என்று, செய்யாத கொலையை ஏற்றுக்கொண்டு பொய் சொல்கிறான். அண்ணன் மனம் நோக வேண்டும் என்பதற்காகவே. அந்த வெறியில்தான் தந்தையின் மாடத்துக்கு ஏறுகிறான். டைஷா எங்கே போனாள் என்று கேட்கிறான். விலைமகள்கள் போகிற இடத்துக்கு என்கிறார் டைவின். அம்பு பாய்கிறது.

தொடரில் என்ன நடக்கிறது? அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அன்போடு பிரிகிறார்கள். தப்பிக்க வழி திறந்திருக்கிறது, கப்பல் காத்திருக்கிறது. ஆனாலும் டிரியன் திரும்பி மாடிக்கு ஏறுகிறான். ஏன்? காட்சியில் விடையில்லை. நடிப்பு பிரமாதம், ஒளி பிரமாதம். காலடியில் படிக்கட்டு மட்டும் இல்லை.

அந்தக் காட்சியோடு இழப்பு முடியவில்லை. ஐந்தாம் நாவலில் டிரியன் கடல் கடந்து போகிற இடமெல்லாம் அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டு திரிகிறான். கசந்துபோன, குடித்துச் சீரழிந்த, சில நேரம் அருவருப்பான ஆள். தொடரில் அவன் நல்ல ஆலோசகர் ஆகிவிடுகிறான், பிறகு தோற்றுப்போகும் ஆலோசகர். கடைசி மூன்று சீசன்களில் டிரியனுக்கு வேலையே இல்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். அந்த வேலை டைஷாவோடு போனது.

பென்னாகரம்: காட்லின் செத்துப் பிழைத்து வருவாளாமே?

வருகிறாள். மூன்றாம் நாவலின் பின்னுரையில், கழுத்தறுபட்டு, பேச முடியாமல், ஃபிரேக்களைத் தூக்கிலிடும் ‘லேடி ஸ்டோன்ஹார்ட்’டாக. தொடர் அவளைத் தொடவில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. இறந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தால் மரணத்துக்கு மதிப்பு போய்விடும். ஐந்தாம் நாவலில் டார்கேரியன் வாரிசு என்று சொல்லிக்கொண்டு படையோடு இறங்கும் ஏகான் என்ற இளைஞனை விட்டதுதான் பெரிய ஓட்டை. அவன் இல்லாததால் டெனேரிஸுக்குத் தலைநகரில் செர்சியைத் தவிர எதிரியே இல்லை.

தேன்கனிக்கோட்டை: ஓநாய்கள் ஏன் காணாமல் போகின்றன?

செலவு. முதலில் நாய்களை வைத்து எடுத்தார்கள். பிறகு உண்மையான ஓநாய்களைப் படம்பிடித்துக் கணினியில் பெரிதாக்கினார்கள். அதற்கும் பணம் வேண்டும், டிராகன்களுக்கும் பணம் வேண்டும். நாவலில் பிரான் மட்டுமல்ல, ஜானும் ஆர்யாவும்கூடக் கனவில் தம் ஓநாய்க்குள் புகுகிறார்கள். எட்டாம் சீசனில் தன் ஓநாய் கோஸ்டைத் தடவிக்கூடக் கொடுக்காமல் ஜான் கிளம்பியபோது எங்கள் வீட்டில் ஒரே கூச்சல்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: நாவல் தீர்ந்ததால்தான் தொடர் கெட்டது என்கிறார்கள். அது முழு உண்மையா?

பாதி உண்மை, ஐயா. தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கியது. ஐந்தாம் நாவல் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. 2016இல் ஆறாம் சீசன் வந்தபோது தொடர் நாவலைத் தாண்டிவிட்டது. ஆனால் முக்கிய முடிச்சுகளைத் தயாரிப்பாளர்கள் பெனியாஃபும் வைஸும் மார்ட்டினிடமே கேட்டறிந்திருந்தார்கள். பிரானைச் சுமந்து திரியும் ஹோடோர் கதவைப் பிடித்து நிற்கும் காட்சியின் மூலம் அவரிடமிருந்து வந்ததுதான். ஆகவே எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியும், வழிதான் இல்லை.

இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் சீசனில், நாவலில் உள்ளபடியே, பஞ்சத்தில் வாடும் நகரத்துத் தெருவழியே அரச ஊர்வலம் வருகிறது. யாரோ ஜாஃப்ரியின் முகத்தில் சாணத்தை வீசுகிறார்கள். அவன் கத்துகிறான். அடுத்த நிமிடம் தெரு முழுவதும் கலவரம். தலைமை மதகுருவையே கூட்டம் பிய்த்துப்போடுகிறது. பசித்த மக்கள் என்றால் என்ன என்று கதைக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் சீசன் முடிவில் செர்சி நகரின் பெரிய வழிபாட்டிடத்தையே, உள்ளிருந்த அரசியோடும் மதத் தலைவரோடும் சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கிறாள். மறுநாள்? முடிசூட்டு விழா. ஒரு கல்கூட விழவில்லை. ஊர் மக்கள் எங்கே போனார்கள்?

பயணமும் அப்படித்தான். தொடக்கத்தில் மன்னர் வடக்கே போய்ச் சேரவே ஒரு மாதம். ஏழாம் சீசனில் பனிவெளியிலிருந்து ஒருவன் ஓடி, காகம் பறந்து, டிராகன் வந்து சேர்வதற்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பசிகூட எடுக்கவில்லை. ஏழாவதில் 7 எபிசோடு, எட்டாவதில் 6 எபிசோடு என்று அவர்களே சுருக்கிக்கொண்டார்கள். டெனேரிஸ் நகரை எரிப்பது தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. அதற்கு இந்த அளவு போதாது.

போச்சம்பள்ளி: இரும்பு அரியணை நாவலில் எப்படி இருக்கும்?

தொடரில் இருப்பதைவிட மிகப் பெரியது. கோணல்மாணலாக, அசிங்கமாக, ஏறுகிறவர்கள் அண்ணாந்து பார்க்கவைக்கும் இரும்புக் குவியல். உட்கார்ந்தவர் கையைக் கிழிக்கும்.

தருமபுரி, தமிழ் முதுகலை மாணவர்: முன்கதையாக வந்த ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரின் மூலநூலை நாவல் என்றே சொல்லக் கூடாது என்கிறார்களே, அக்கா?

சரியாகத்தான் சொல்கிறார்கள். 2018இல் வந்த ‘ஃபயர் அண்ட் பிளட்’ ஒரு கற்பனை வரலாற்று நூல். கில்டெய்ன் என்ற அறிஞர் எழுதியதாக மார்ட்டின் அமைத்திருக்கிறார். தொடரில் வரும் பகுதிக்கு அவருடைய முக்கிய ஆதாரம் மூன்று: யூஸ்டஸ் என்ற மதகுரு, மன்கன் என்ற பெரிய அறிஞர், மஷ்ரூம் என்ற அரண்மனைக் கோமாளி. மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இளவரசி ரெனிராவும் காவல்வீரன் கிறிஸ்டன் கோலும் ஏன் பகைத்துக்கொண்டார்கள்? அவன் ஓடிப்போகலாம் என்று கெஞ்சினான், அவள் மறுத்தாள் என்கிறார் மதகுரு. அவள்தான் போனாள், அவன் மறுத்தான் என்கிறான் கோமாளி. தொடர் இரண்டிலும் கொஞ்சம் எடுத்துக் கோத்து, இதுதான் நடந்தது என்று காட்டிவிடுகிறது.

தகடூர்க்காரருக்கு (தருமபுரியின் பழைய பெயர் தகடூர்) இது புதிதா? பெருஞ்சேரல் இரும்பொறை நம் கோட்டையை அழித்த போரைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் வென்றவன் பக்கம் நின்று அரிசில்கிழார் பாடுகிறார். அதே அரிசில்கிழார் அதியமான் எழினி விழுந்தபோது புறநானூற்றில் கூற்றுவனை ஏசுகிறார். விதைநெல்லைத் தின்ற உழவனைப் போல் அறிவற்றவன் நீ என்கிறார். அந்தப் போரையே பாடிய ‘தகடூர் யாத்திரை’ சில பாடல்களாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இவற்றை வைத்து நாளை யாராவது தொடர் எடுத்தால், அரிசில்கிழாரை எந்தப் படையின் கூடாரத்தில் உட்காரவைப்பது என்று முடிவுசெய்தே ஆக வேண்டும். புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மார்ட்டினின் கோபம் வேறொன்றில். நூலில் அரசி ஹெலேனாவுக்கு மூன்று குழந்தைகள். கொலையாளிகள் எந்த மகன் சாக வேண்டும் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், சின்னவன் மேலோரின் பெயரைச் சொல்கிறாள், பெரியவனை வெட்டுகிறார்கள். தொடரில் மேலோர் பிறக்கவே இல்லை. சின்னக் குழந்தையை வைத்துப் படமெடுக்கும் செலவும் சிக்கலும் காரணம். 2024 செப்டம்பரில் மார்ட்டின் இதை வெளிப்படையாகக் குறைசொல்லி எழுதினார். சீக்கிரமே அந்தப் பதிவு நீக்கப்பட்டது. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. தன் வாயால் பெயர் சொன்ன பிள்ளையின் முகத்தில் அந்தத் தாய் இனி எப்படி விழிப்பாள்? தொடரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஊத்தங்கரை: பெட்டியாக வாங்கலாமா? ஏழு புத்தகம் என்கிறார்கள், நீங்கள் ஐந்து என்கிறீர்கள்.

நாவல் ஐந்துதான். மெல்லட்டைப் பதிப்பில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்திருப்பதால் ஏழு ஆகிறது. தனித்தனியாக வாங்கினால் மூன்றாம் நாவலின் இரண்டு பாகமும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புத் திருமணமும் டிரியன் கதையும் இரண்டாம் பாகத்தில்தான். நான்காவதில் ஜான், டிரியன், டெனேரிஸ் மூவருக்கும் அத்தியாயமே இல்லை, பதறாதீர்கள். அவர்களுடைய கதை அதே காலத்தில் ஐந்தாவதில் நடக்கிறது.