கேள்வி-பதில்: ஒன்பது டேக் எங்கே போச்சு?

கேள்வி: லூப் போட்டு ஒரே சரணத்தைப் பத்து முறை பாடினேன். நிறுத்தியதும் கடைசி டேக் (ஒருமுறை பாடிய பதிவு) மட்டும்தான் தெரிகிறது. காசு கொடுத்து வாங்கிய ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இது. மற்றதெல்லாம் அழிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அடியில் ஒளிந்திருக்கும். கராஜ்பேண்ட் சாஃப்ட்வேரில் பதிவான துண்டின் இடது மேல் மூலையில் ஓர் எண் இருக்கும். அதை அழுத்தினால் எல்லா டேக்கும் வரும். ரீப்பர் சாஃப்ட்வேரில் டேக்குகளை லேன்களாக, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டச் சொல்லி ஆப்ஷன்ஸ் மெனுவில் ஒரு வரி உண்டு. தேடிப் பார்க்கும்வரை, பயன்படாத ஃபைல்களை நீக்கும் கட்டளைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

கேள்வி: 4 நிமிடப் பாட்டு, 40 டேக். டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க் வாங்கவா?

பதில்: வேண்டாம். மோனோ, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் நிமிடத்துக்கு 8.64 எம்பி, உங்கள் 40 டேக்கும் சேர்ந்து ஒன்றரை ஜிபி கூட வராது. டிஸ்கை நிரப்பியது வேறு எதுவோ.

கேள்வி: ஆடியோ இன்டர்ஃபேஸோடு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இலவசம் என்றார்கள். விளம்பரப் படத்தில் டேக்குகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எனக்கு வந்ததில் அந்த வசதியே இல்லை. மேம்படுத்தப் பணம் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. படத்தில் முழுப் பதிப்பைக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வசதி குறைத்த லைட் பதிப்பைப் போடும் இந்த வேலை எனக்கு நெடுநாள் எரிச்சல். டிராக் எண்ணிக்கையைக் குறைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம். இந்த டேக்கில் முதல் வரி, அந்த டேக்கில் இரண்டாம் வரி என்று பொறுக்கிச் சேர்க்கிற காம்பிங்கையே எடுத்துவிட்டால் லூப் ரெக்கார்டிங் எதற்கு? கையால் வெட்டி, ஒவ்வொரு ஒட்டிலும் ஒன்று தேய மற்றது எழும் கிராஸ்ஃபேட் வைத்து, மூச்சுச் சத்தம் பாதியில் அறுகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார வேண்டியதுதான். நானும் இப்படி ஓர் இன்டர்ஃபேஸ் வாங்கி, அப்புறம் சாஃப்ட்வேருக்குத் தனியாகப் பணம் கட்டியவன். அந்த விளம்பரப் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மேம்படுத்த இப்போதைக்குக் காசு கட்டாதீர்கள். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம், எந்த வசதியையும் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒவ்வொரு டேக்கும் தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே விழுகிறது. அதனால் விலை கூடிய சாஃப்ட்வேருக்கு மாறினேன். அதிலும் அப்படியே!

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்களே! விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் போடுங்கள். அப்புறமும் பிந்தினால், இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் மாட்டி, தாளம் தட்டும் மெட்ரோனோம் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதை சாஃப்ட்வேரின் ரெக்கார்டிங் ஆஃப்செட் என்ற அமைப்பில் கொடுத்தால் சரியாகிவிடும். பழைய சாஃப்ட்வேரிலும் இதைச் செய்திருக்கலாம்.