ஆயரின் மாடிப்படி

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் அரண்மனையைப் பார்த்தேன். ஆயர்கள், அதாவது பிஷப்புகள், வாழ்ந்த இடமாம். சுவரெல்லாம் ஓவியம், கண்ணாடி அறையில் கண் கூசும் தங்கம். துறவறம் பேசுகிறவருக்கு எதற்கு இவ்வளவு என்ற உறுத்தலில் எதையும் ரசிக்க முடியவில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தோன்றியது, மாடிப்படி ஏறும்வரை.

வூர்ட்ஸ்பர்க் ஆயர் அந்தச் சீமைக்கு அரசரும்கூட. வரி வாங்குவார், படை வைத்திருப்பார். ஆனால் பிள்ளைக்குப் பட்டம் கட்ட முடியாது. அடுத்தவரைப் பேராலயக் குருக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். மைன் ஆற்றின் எதிர்க்கரைக் கோட்டையில் இருந்தவர்கள் 1720இல் ஊருக்குள் இதைக் கட்டத் தொடங்கினார்கள். தொடங்கிவைத்த ஆயர் ஷோன்போர்ன் 1724இலேயே கண்ணை மூடிவிட்டார். உள்வேலை முடிய 1780 வாக்கில் ஆகிவிட்டது. இருபது சொச்சம் வருடத்தில் ஆயர்களின் ஆட்சியே பறிபோனது.

சரி, மாடிப்படிக்கு வருகிறேன். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அவ்வளவு பெரிய கூரையைக் கட்டடக் கலைஞர் பால்தசார் நாய்மன் வளைத்திருக்கிறார். அதில் வெனிஸ்காரர் தியெப்போலோ நான்கு கண்டங்களைத் தீட்டினார். கீழே நின்றால் முழுதும் தெரியாது. ஏற ஏற அமெரிக்கா விரிகிறது, முதலைமேல் ஒரு பெண். பாதி ஏறித் திரும்பினால்தான் ஐரோப்பா. அங்கே அப்போதைய ஆயர் கிரைஃபன்க்ளாவின் உருவப்படத்தை வானத்துக்குத் தூக்கிப்போகிறார்கள். எனக்கென்னவோ அது கொஞ்சம் அசட்டுத்தனமாகவே பட்டது. அதற்குக் கீழே, பீரங்கியின்மேல் சாவகாசமாக ஒருவர் சாய்ந்திருக்கிறாரே, கவனித்தீர்களா? அவர்தான் நாய்மன். காசு கொடுத்தவர் சட்டத்துக்குள் படமாக, கட்டியவர் முழு உடம்போடு! கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் உறுத்தலை மறந்துவிட்டேன்.

1945 மார்ச் 16 இரவு குண்டுவீச்சில் ஊர் எரிந்தது. அரண்மனையின் பெரும்பகுதியும் போயிற்று. மாடிப்படிக்கு மேலிருந்த மரக்கூரை எரிந்தும் நாய்மனின் வளைவு நின்றது, ஓவியமும் தப்பியது.

அப்புறம், நீங்கள் சொன்ன கண்ணாடி அறை. அது அந்த இரவில் நொறுங்கிவிட்டது. இப்போதிருப்பது பழைய புகைப்படங்களை வைத்து 1979 முதல் 1987 வரை மறுபடி செய்தது. அந்தத் தங்கத்துக்கு மட்டும் ஆயரைத் திட்டாதீர்கள்.