ஹாஜி அடித்தது குருட்டடியா?

ஐயா,

ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியை ஓயாமல் புகழ்கிறீர்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் இரண்டிரண்டு ஆண்டுதான் இருந்தார். நடுவே இத்தாலியில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடினார். அவருக்கு, ருமேனிய மலைத்தொடரின் பெயரில் ‘கார்பாத்திய மரடோனா’ என்ற பட்டம் தகுமா? 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக அடித்த கோலே, தவறிப்போன கிராஸ்தானே, அதாவது ஓரத்திலிருந்து சக வீரருக்குத் தூக்கி அனுப்பிய பந்துதானே? என் மகன் பத்து வயது இடதுகால்காரன். இவரைப் பார்த்துக் கற்கச் சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

பட்டத்தை விடுங்கள், பத்திரிகைகள் சூட்டியது. பார்சிலோனாவில் அவர் சேர்ந்தபோது ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ், கூமன் என மூன்று வெளிநாட்டவர் ஏற்கெனவே இருந்தார்கள்; இவர் நான்காமவர். அன்றைய விதிப்படி மூன்று வெளிநாட்டவர்தான் களமிறங்கலாம். அவருடைய இத்தாலிய அணியான பிரெஷ்யா 1993இல் இரண்டாம் நிலைக்குக் கீழிறங்கியபோது அவரும் கூடவே இறங்கி ஆடினார்; மறு ஆண்டே அணி மேலே வந்தது. இதையா குறையாக எழுதுகிறீர்கள்? பிறகு அவர் ஆடிய துருக்கி அணி கலாட்டசராய், 2000இல் ஐரோப்பிய அணிகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 35.

ஆனால் அந்தக் கோலைப் போகிற போக்கில் ‘தவறிப்போன கிராஸ்’ என்கிறீர்களே, அதை விடமுடியாது. மறுபடி பாருங்கள். அமெரிக்காவின் பசடீனா, ஜூன் 18, 34ஆம் நிமிடம், இடது ஓரம். அங்கே இடதுகால்காரரிடம் பந்து இருந்தால் கோலி, அதாவது கோல்காப்பாளர், கிராஸை எதிர்பார்த்துத் தன் கோல் கோட்டிலிருந்து முன்னே வருவார். கொலம்பியக் கோலி கொர்டோபாவும் வந்தார். அப்போது திறந்து கிடப்பது ஒரே இடம்: அவருக்குப் பின்னால், தூரக் கம்பத்தின் மேல்மூலை. பந்து அங்கேதான் இறங்கியது. கிராஸ் என்றால் சக வீரரின் தலைக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த அடி எளிதல்ல. ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். பின்தங்கினால் உடல் மல்லாந்து பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறக்கும். முந்தினால் தாழ்ந்துபோய் கோலி கையில் விழும். பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் கோலி பின்னால் ஓடிப் பிடித்துவிடுவார். ரியல் மாட்ரிட்டில் ஒசாசுனாவுக்கு எதிராக நடுக்கோட்டருகிலிருந்தே கோலியின் தலைக்குமேல் அடித்தவர் ஹாஜி. கோலி எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது அவருடைய வழக்கம்.

பையன் தாராளமாகக் கற்கட்டும். பந்து காலுக்கு வருமுன் ஒருமுறை தலையைத் தூக்கிக் கோலியைப் பார்க்கப் பழக்குங்கள். முப்பது மீட்டரிலிருந்து அடிக்கச் சொல்லி வதைக்காதீர்கள், பாவம். எட்டாத தூரத்துக்குத் தம்கட்டி அடித்தால் உடல் பின்சாய்வதே பழக்கமாகிவிடும். இப்போதைக்குப் பதினைந்து மீட்டர் போதும்.