ஃபெரீனிகிங் டைல்ஸ் ஆலைக்கு மகனை அனுப்பலாமா?

அம்மா, மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்த மகனுக்கு ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே ஃபெரீனிகிங் டைல்ஸ் ஆலையில் பயிற்சி இடம் வந்திருக்கிறது, டர்பன் சாட்ஸ்வொர்த்தை விட்டு அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் வந்த கடிதத்தை எடுத்து, அது லேர்னர்ஷிப்பா, அப்ரென்டிஸ்ஷிப்பா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் பல வீடுகளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

லேர்னர்ஷிப் பெரும்பாலும் 12 மாதம். முடிவில் ஒரு சான்றிதழ் உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து அவன் ஆர்டிசன், அதாவது தகுதி பெற்ற கைத்தொழிலாளி, ஆகமாட்டான். அப்ரென்டிஸ்ஷிப் வழக்கமாக மூன்று, நான்கு வருடம் போகும். கடைசியில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வில் தேறினால் ரெட் சீல் என்ற ஆர்டிசன் சான்றிதழ். அந்தத் தகுதி தென்னாப்பிரிக்கா முழுக்கச் செல்லும். ஒப்பந்தம் உரிய செட்டாவில் (அந்தத் தொழில்துறையின் பயிற்சி ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தில் உழைத்த காலம் டிரேட் டெஸ்டுக்குக் கணக்கில் வராமல் போகலாம். கையெழுத்துக்கு முன்னால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்கான ஆலையில் கேட்டவுடன் தருவார்கள்.

அடுத்து, ஊரைப் பற்றி. ஃபெரீனிகிங், ஃபான்டர்பைல்பார்க், சாசோல்பர்க் மூன்றையும் சேர்த்து வால் முக்கோணம் என்பார்கள். நிலக்கரி, உருக்கு, ரசாயனம், உலைச் செங்கல் எல்லாம் அங்கே பழைய தொழில்கள். செராமிக் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் டைல்ஸ் ஆலைகளும் அங்கே இருக்கின்றன. 2017இல் அதன் பெரும்பங்கை இட்டல்டைல் குழுமம் வாங்கியது. உலகத்தில் டைல்ஸுக்குப் பேர்போன வட்டாரங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உங்கள் மகனின் நிலைமை புரியும். இத்தாலியில் சாசுவோலோ, ஃபியோரானோ ஊர்களைச் சுற்றி டைல்ஸ் ஆலை, பிரஸ் இயந்திரம் செய்கிறவர், கிளேஸ் (டைலின் கண்ணாடிப் பூச்சு) கலக்கிறவர், அச்சு மை தயாரிக்கிறவர் எல்லாரும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். குஜராத்தின் மோர்பியில் நூற்றுக்கணக்கான ஆலைகள். ஒரு முதலாளியோடு ஒத்துவரவில்லை என்றால் எதிர்வாசலில் வேலை கிடைக்கும். வால் பக்கம் அந்த வசதி கிடையாது. டைல்ஸ் வேலை மட்டும் தெரிந்த ஆளுக்கு அந்த ஒரு வாசல் மூடினால் நடுத்தெருதான். அதனால் எங்கள் யோசனை: ஆலைக்குப் போகட்டும், ஆனால் அந்த ஆலை இல்லாமலும் பிழைக்க உதவும் தொழிலை அங்கே கற்கட்டும்.

எந்தத் தொழில் என்பதற்கு, உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். களிமண், பெல்ஸ்பார் என்ற கனிமம், மணல் இவற்றைத் தண்ணீரோடு, குண்டுகள் உருண்டு அரைக்கும் பால் மில்லில் (ball mill) அரைக்கிறார்கள். அரைத்த கூழில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஸ்ப்ரே டிரையரில் சூடான காற்றுக்குள் அதைப் பீய்ச்சினால் ரவை போலப் பொடி விழும். அதில் 5 முதல் 6.5 சதவீதம் ஈரம் மிச்சம் இருக்கும். ஹைட்ராலிக் பிரஸ் அந்தப் பொடியைச் சதுர சென்டிமீட்டருக்கு 300, 400 கிலோ அழுத்தத்தில் இன்னும் சுடாத பச்சை டைலாக்கும். அதை உலர்த்தி, கிளேஸ் பூசி, இங்க்ஜெட்டில் படம் அடித்து, சுழலும் உருளைகள் மேல் டைல் நகர்ந்து போகும் உருளைச் சூளைக்குள் விடுவார்கள். தண்ணீர் உறிஞ்சாத கெட்டி வகையான போர்சலினுக்குச் சூளையின் உச்ச வெப்பம் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ். உள்ளே போன டைல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மறுமுனையில் வெளியே வந்துவிடும்.

பொடியின் ஈரம் ஒரு சதவீதம் மாறினாலே போதும், வம்பு ஆரம்பம். கூடினால் அச்சில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் பொடி சரியாக இறுகாது. நடுவில் காற்று சிக்கி, டைல் இரண்டு அடுக்காகப் பிரியும். பிரஸ்ஸை அவசரப்பட்டு ஓட்டினாலும் இதேதான். ஈரம் மாறினால் அடர்த்தி மாறும், அடர்த்தி மாறினால் சூளையில் சுருங்கும் அளவும் மாறும். போர்சலின் சாதாரணமாக 6, 7 சதவீதம் சுருங்கக்கூடியது. 600 மில்லிமீட்டர் டைலில் அந்தச் சுருக்கம் அரை சதவீதம் பிசகினால் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட முடியாது. டைலை உடைத்துப் பார்க்கும்போது நடுவில் கறுப்பாக இருந்தால், மண்ணிலிருந்த கரிமப் பொருள் எரிந்து தீருமுன் மேற்பரப்பு உருகி மூடிக்கொண்டது என்று அர்த்தம். சூட்டை வேகமாக ஏற்றியிருப்பார்கள், அல்லது அளவுக்கு மீறி அழுத்தியிருப்பார்கள். டைல் வளைந்து வந்தால் உருளைகளுக்கு மேலே உள்ள சூடும் கீழே உள்ள சூடும் ஒத்துப்போகவில்லை.

இதையெல்லாம் சூளை முடிவில் நின்று கண்ணால் பார்த்து ஒதுக்குகிறவர் ஒருவர். அங்கிருந்து பின்னோக்கிப் போய், எந்த பர்னர், எந்த வால்வு, சூட்டை அளக்கும் எந்த தெர்மோகப்பிள் காரணம் என்று பிடிக்கிறவர் இன்னொருவர். உங்கள் மகன் இரண்டாவது ஆளாக வேண்டும். அதற்கு மில்ரைட் (ஆலை இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பவர்), எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிஷியன் (அளவுக் கருவிகளையும் கட்டுப்பாடுகளையும் பார்ப்பவர்) ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். எங்களைக் கேட்டால் மூன்றாவதுக்கே முதல் ஓட்டு.

ஒரு உதாரணம் போதும். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் மின்சாரம் போய்ச் சூளையின் உருளைகள் நின்றுவிட்டால், சூட்டில் சுழலாமல் கிடக்கும் உருளை தன் பாரத்திலேயே தொய்ந்து வளையும். டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சூளையை ஆறவிட்டு, உள்ளே சிக்கியதை இழுத்து, மறுபடி சூடேற்றுவதற்கு நாள் கணக்கில் ஆகும். அதனால் உருளைகளைச் சுழற்றும் மோட்டார்களுக்கு மட்டுமாவது மாற்று மின்சாரம் சில நொடிகளில் வந்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பராமரிக்கத் தெரிந்தவனை யாரும் லேசில் விடமாட்டார்கள். அதே பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), அதே பர்னர் கட்டுப்பாடு, அதே அழுத்தமானிதான் சாசோல்பர்க் ரசாயன ஆலைகளிலும், நம் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளிலும், மெரிபேங்க் காகித ஆலையிலும், பிராஸ்பெக்டன் கார் தொழிற்சாலையிலும் இருக்கிறது. மகன் டர்பனுக்குத் திரும்பி வரும் வழி அதுதான்.

இனி கேஸ். டைல்ஸ் சூளையும் ஸ்ப்ரே டிரையரும் கேஸைத் தின்று வாழ்பவை. வால் பக்கத்துக்கு வரும் இயற்கை எரிவாயு மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து 865 கிலோமீட்டர் குழாய் வழியாக 2004 முதல் செகுண்டா நகருக்கு வந்து, அங்கிருந்து பிரிகிறது. அந்த வயல்கள் வற்றுகின்றன. ஆலைகளுக்குக் கேஸ் தருவதை 2026 ஜூனோடு நிறுத்தப்போவதாக, அதைத் தரும் சாசோல் நிறுவனம் முதலில் அறிவித்தது. பிறகு 2027 ஜூன் வரை நீட்டியது. அதன்பின் சிறிது காலத்துக்குச் செயற்கையாகத் தயாரித்த மீத்தேன் கேஸ் என்று பேசுகிறார்கள். மூன்று நான்கு வருடப் பயிற்சிக்கு நடுவிலேயே இந்தப் பிரச்சினை வந்து நிற்கும். ஆகவே நேர்காணலில் மகன் தயங்காமல் கேட்கட்டும்: குழாய் கேஸ் நின்றால் சூளை எதில் ஓடும்? எல்.பி.ஜி.க்கு மாற்றிப் பார்த்தாயிற்றா? பதில் மழுப்பலாக வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை சுருங்கினால் பயிற்சி ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் உருக்காலைகள் ஆள் குறைத்தபின் அந்த வட்டாரத்தில் வேலை தேடும் ஆர்டிசன்கள் ஏற்கெனவே நிறையப் பேர். மாறவேண்டி வந்தால் கைகொடுப்பது, செய்த வேலையைப் பதிந்து வைக்கும் லாக்புக் மட்டுமே. வாரா வாரம் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, பக்கத்தைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கலாம் என்று விட்டவர்கள், மேற்பார்வையாளர் மாறியதும் விழி பிதுங்கி நிற்கிறார்கள்.

வகுப்பில் உட்கார்ந்து படிக்கத்தான் அவனுக்கு விருப்பம் என்றால், ஃபான்டர்பைல்பார்க்கில் உள்ள வால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் அல்லது மெட்டலர்ஜி டிப்ளமோ பார்க்கலாம். ஆலை ஆய்வகத்துக்கு அது பொருந்தும். பொதுவாகக் கணிதத்திலும் பௌதிக அறிவியலிலும் 4ஆம் நிலையாவது (50 சதவீதத்துக்குக் குறையாத மதிப்பெண்) கேட்பார்கள். கணிதத்துக்குப் பதிலாக மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய பாடம் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. 10ஆம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள். டிவெட் என்ற அரசுத் தொழிற்கல்விக் கல்லூரியில் என்6 என்ற கடைசிப் படி வரை போவதானால், பாடம் முடிந்தபின் தேசிய டிப்ளமோ கைக்கு வர ஏறத்தாழ 24 மாத வேலை அனுபவம் தேவை. அதைக் கல்லூரி தேடித் தரும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சென்னைக்கு அனுப்பலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் செராமிக் டெக்னாலஜி பி.டெக். உண்மையிலேயே நல்ல படிப்பு. விருத்தாசலத்தில் டிப்ளமோவும் உண்டு. தாத்தா பாட்டி ஊரைப் பார்த்த மாதிரியும் ஆகும் என்று வீட்டில் சொல்வார்கள், அதற்காக மட்டும் நான்கு வருடம் செலவழிக்காதீர்கள். திரும்பி வந்தால், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் சாக்வாவின் மதிப்பீடு வேண்டும். எக்சா என்ற பொறியியல் கவுன்சிலில் இன்ஜினியராகப் பதிய, நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 முதல் இருப்பது உதவும். ஆனால் அவன் படிக்கும் அதே பாடப்பிரிவுக்கு, அவன் படிக்கும் வருடங்களில், என்.பி.ஏ. (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று சேருமுன்பே பார்க்க வேண்டும். இந்த நாட்டில் செராமிக் இன்ஜினியர் என்ற பெயரில் வரும் வேலைகள் மிகச் சில. மோர்பியிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கத் தயார் என்றால் மட்டும் அந்த வழி.

தங்குவதற்கு, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே நம்மவர்கள் நிறைய வாழும் லெனேசியா நல்லது: கோயில் உண்டு, நம் சாப்பாடு கிடைக்கும், ஃபெரீனிகிங் காரில் ஒரு மணி நேரத்துக்குள். சிக்கல் ஷிப்ட். சூளை இரவு பகல், ஞாயிறு, தீபாவளி எதற்கும் நிற்காது. விடிகாலையிலும் நள்ளிரவிலும் டாக்சி கிடைப்பது கஷ்டம். முதல் ஆறு மாதத்துக்காவது ஆலைக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். வாடகை போனாலும் வேலை நிலைக்கும்.

தூசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மணலிலிருந்து வரும் நுண்ணிய சிலிக்கா தூசி கண்ணுக்குத் தெரியாது. வருடக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிகோசிஸ் குணமாகாது. வேலையில் சேருமுன் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்து, நகலை வீட்டில் வையுங்கள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் பதியாது, ஓரத்தில் தூசி நுழையும். அவன் தாடி வளர்க்கிறவனானால் எடுத்துவிடச் சொல்லுங்கள். காய்ந்த பொடியைத் துடைப்பத்தால் பெருக்கச் சொன்னால், வேக்குவம் கேட்க அவனுக்கு உரிமை உண்டு.